அம்மா தலைமேல் செய்த சத்தியம்

எனக்கு வாயில் எதுவும் நிற்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எங்கள் வீட்டு விஷயம் ஒன்று தெரு முழுக்கத் தெரியவேண்டுமென்றால், அதை என்னிடம் சொல்லி 'யாரிடமும் சொல்லாதே' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். அண்ணன் எனக்கு வைத்திருந்த பட்டம் ஓட்டை வாய். அவன் எனக்கு நேர் எதிர். காய்ச்சல் கொதித்தால்கூடச் சொல்லமாட்டான், அம்மாவாகப் பார்த்துத் தொட்டுப் பார்த்தால்தான் உண்டு. இதை வைத்து அம்மா ஊரெல்லாம் பெருமை பேசுவாள். "எம்புள்ள வாயத் தொறந்து ஒரு கொறை சொன்னதில்ல" என்பாள். என்னைப் பற்றி அவள் சொன்னதையெல்லாம் இங்கே எழுதினால் எனக்குத்தான் அசிங்கம்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் சின்னச் சின்னக் கம்பெனிகள் நிறைய. அப்பா ஒரு கம்பெனியில் சூளை பார்ப்பவர். அம்மாவும் நானும் இன்னொன்றில் பொம்மைக்குப் பிசிறு எடுக்கும் வேலைக்குப் போனோம். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரத்தில் கோடு மாதிரி நிற்கும் பிசிறை வழித்துவிட்டு, ஈரப் பஞ்சால் துடைத்து வைக்கவேண்டும். கைக்குத்தான் வேலை, வாய்க்கு இல்லை. பத்துப் பதினைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புருஷன், மாமியார், நாத்தனார் என்று ஒருவரையும் விடமாட்டோம். ஒரு நாளைக்கு ஒருத்தியாவது "செத்துத் தொலையலாம்னு இருக்குது" என்று சொல்வாள். பக்கத்தில் இருப்பவள் "இந்தப் புள்ளையார முடிச்சிட்டு சாவு" என்பாள். எல்லாரும் சிரிப்போம், அவளும் சிரிப்பாள். பிறகு யாராவது அவளுக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்து, என்னடி ஆச்சு என்று கேட்பார்கள். சூளைப் பக்கம் வேலை செய்த ஆண்கள் இப்படிப் பேசி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர்கள் பேசியதெல்லாம் கிரிக்கெட்டும் பஸ் நேரமும்தான்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, எனக்கு இருபத்திரண்டு வயது. அந்த வருடம் சித்திரையில் நான் என் உயிரை முடித்துக்கொள்ளப் பார்த்தேன். எப்படி என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். என் வாயிலும் ஒன்றிரண்டு விஷயம் நிற்கத்தான் செய்கிறது. ஏன் என்றால், நிச்சயமான கல்யாணம் நின்றுபோனதால் என்று ஊர் சொல்லும். கல்யாணம் நின்ற பெண்கள் எல்லாரும் அப்படியா செய்கிறார்கள்? அதற்கு நான்கைந்து மாதம் முன்பே எனக்குத் தூக்கம் போயிருந்தது, சோறு மண்ணாக இருந்தது, ஒன்றுமில்லாததற்கு அழுதேன். அது ஒரு நோய் என்று அப்போது எனக்குத் தெரியாது. வேலை இடத்தில் நானும் மூன்று நான்கு தடவை சொன்னேன், செத்துப் போலாம்னு இருக்குது என்று. இவள் வாய் சும்மா இருக்காதே என்று விட்டுவிட்டார்கள். சொல்கிறவள் செய்யமாட்டாள் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. அது சுத்தப் பொய் என்பதற்கு நானே சாட்சி.

ஆஸ்பத்திரிக்கு ஒரு போலீஸ்காரர் நோட்டோடு வந்தார். அப்போதெல்லாம் அது கேஸ். எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் முந்திக்கொண்டு "தீராத வயித்து வலிங்க" என்றார். போலீஸ்காரரும் தலையை ஆட்டி எழுதிக்கொண்டு போய்விட்டார். எங்கள் பக்கத்தில் பெண்கள் சாகப் பார்த்தால் அதற்குக் காரணம் வயிற்றுவலி. ஆண் என்றால் கடன், இல்லாவிட்டால் குடி. பேப்பரிலும் அப்படியேதான் வரும். எனக்கு வயிறு வலித்ததே கிடையாது. இரண்டு ஆள் சோற்றை ஒருத்தியாகத் தின்று செரித்த வயிறு அது. இருந்தாலும் அந்தக் கோபத்தைக் காட்டும் தெம்பு அன்று எனக்கு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் தெருப் பெண்கள் என்னைத் தனியே விடவில்லை. யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. காலையில் ஒருத்தி முறத்தோடு வந்து உட்கார்வாள், அவள் எழுந்தால் இன்னொருத்தி கீரையோடு வந்துவிடுவாள். படுக்கும்போது பக்கத்தில் ஒருத்தி. குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே ஒருத்தி நின்று பேசிக்கொண்டே இருப்பாள், நான் உள்ளிருந்து 'உம்' கொட்டாவிட்டால் கதவை இடிப்பாள். சோப்பு போட நிம்மதி கிடையாது. ஆனால் அந்த ஒரு மாதத்தில் ஒரு அதிசயம் நடந்தது. ஒவ்வொருத்தியாகத் தன் கதையைச் சொன்னாள். ஊரையே அதட்டிக்கொண்டிருக்கும் எதிர்வீட்டு அத்தை, என் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, தன் இரண்டாவது பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது தனக்கும் இப்படித்தான் இருந்தது என்றாள். அவளுடைய நாத்தனார் கண்டுபிடித்து ஒரு மாதம் கையைப் பிடித்தபடியே இருந்தாளாம். அதனால்தான் இன்றைக்கும் அந்த நாத்தனாரை யார் என்ன சொன்னாலும் அத்தை சண்டைக்குப் போகிறாள்.

அப்பா மாதம் ஒரு முறை என்னைப் பாண்டிச்சேரிக்கு ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். முதல் நாளே அந்த அம்மா நேராகக் கேட்டார்கள், செத்துப்போகணும்னு இப்பவும் தோணுதாம்மா என்று. அதுவரை எல்லாரும் 'அது', 'அந்த மாதிரி' என்று சுற்றி வளைத்துத்தான் பேசியிருந்தார்கள். நேராகக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. இப்படிக் கேட்டால் மறுபடி அந்த நினைப்பு வந்துவிடாதா என்று அப்பா பயந்துபோய்க் கேட்டார். கேட்பதால் புதிதாக வந்துவிடாது, கேட்காமல் விட்டால்தான் உள்ளேயே கிடந்து பெருகும் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள், பேசவிட்டார்கள். ஆடி பிறப்பதற்குள் சோறு சோறாக ருசிக்க ஆரம்பித்தது.

அண்ணன் குஜராத்தில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். எங்கள் ஊரில் பீங்கான் டிப்ளமோ படித்தவர்களில் நிறைய பேர் அங்கேதான் இருந்தார்கள். என் விஷயம் தெரிந்ததும் பத்து நாள் லீவில் ரயிலேறி வந்தான். பத்து நாள் ஒரு மாதமாயிற்று, ஒரு மாதம் இரண்டாயிற்று. போகவில்லை. தங்கச்சியை விட்டுட்டுப் போக மனசு வரல, பாவம், என்று தெருவே உச்சுக் கொட்டியது. அவன் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. ஊர் அவனுக்காகச் சொல்லிக்கொண்டது. என்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவனிடமே கொடுத்தார்கள். அண்ணங்காரன் இருக்கான் என்று பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தங்கள் வீட்டு வேலைக்குத் திரும்பினார்கள்.

அவன் இளைத்தான். தங்கச்சி கவலை என்றார்கள். தட்டில் போட்ட சோற்றைப் பாதியில் மூடிவைத்தான். அதுவும் தங்கச்சி கவலை. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதை அம்மா பார்த்துவிட்டு, "ராவெல்லாம் ஒன்னக் காவ காக்குறான்டி, கோயில் கட்டிக் கும்புடணும் அவன" என்று என்னிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் குற்ற உணர்ச்சியில் தலை நிமிரவில்லை. அவனுக்கு வந்த நோய் முழுவதையும் நாங்கள் என் கணக்கில் சேர்த்துவிட்டோம். கடன் கிடையாது, குடி கிடையாது. ஒரு ஆம்பளை சாக நினைப்பதற்கு ஊர் வைத்திருந்த இரண்டு காரணமும் அவனிடம் இல்லை. அதனால் யாருக்கும் அந்தத் திசையில் புத்தி போகவே இல்லை.

எனக்கும் போகவில்லை. அந்த நாட்களில் எனக்கு அவன்மேல் அப்படி ஒரு பிரியம். மத்தியானம் தொழிற்பேட்டை ரோட்டுக்குக் கூட்டிப்போய் அப்பாவுடைய டிவிஎஸ் ஃபிப்டியை ஓட்டக் கற்றுக்கொடுத்தான். நீளமான ரோடு, சாப்பாட்டு நேரத்தில் ஈ காக்கை இருக்காது, இரண்டு பக்கமும் உடைந்த பீங்கான் குவியல். நான் போய் அந்தக் குவியலில் ஏற்றுவேன். அவன் பின்னால் உட்கார்ந்தபடி இரண்டு காலையும் தரையில் ஊன்றி வண்டியை நிறுத்துவான். செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். திட்டவே மாட்டான். "பரவால்ல பாப்பா, மறுபடி எடு" என்பான். எங்கள் வீட்டில் எல்லாரையும் விட இளையவள் என்பதால் அவனுக்கு நான் பாப்பா. கோபம் வந்தால்தான் ஓட்டை வாய்.

வண்டியோடு நிற்கவில்லை. கேஸ் சிலிண்டர் எப்படி புக் பண்ணுவது, கரண்டு பில்லை எங்கே கட்டுவது, அப்பாவின் பிரஷர் மாத்திரை எந்தக் கடையில் மலிவு, அம்மாவின் ரேஷன் கார்டில் பெயர் தப்பாக இருப்பதை யாரைப் பார்த்துத் திருத்தவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். தங்கச்சிக்குத் தைரியம் வரணும்னு பண்றான் என்று அப்பாவே நெகிழ்ந்துபோனார். எனக்கும் தைரியம் வந்தது என்பதுதான் உண்மை. ஆவணியில் ஒரு நாள் நான் தனியாக வண்டியில் பாலக்கரை வரைக்கும் போய்த் தேங்காய் வாங்கி வந்தேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், "இனிமே நீ பாத்துப்ப" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எவ்வளவு நாளாயிற்று இவன் இப்படிச் சிரித்து என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவன் ஒரு பிளாஸ்டிக் பையை என்னிடம் கொடுத்தான். வீட்டுப் பத்திரம், அப்பாவின் காகிதங்கள், அவனுடைய டிப்ளமோ சர்டிபிகேட், எல்லாம் தனித்தனி உறையில். உறைமேல் அவனுடைய அழகான கையெழுத்தில் என்னென்ன என்று எழுதியிருந்தான். பையை வாங்கிய என் கை அப்படியே நின்றுவிட்டது.

ஏனென்றால் ஒரு ஆள் இப்படி வீட்டை ஒழுங்குபண்ணிவைப்பது எனக்குத் தெரியும். சித்திரையில், அந்த நாளுக்கு முந்தின நாள், நான் அம்மாவின் புடவைகளையெல்லாம் துவைத்து மடித்து அடுக்கினேன். மூன்று நாளைக்கு வரும்படி மாவு அரைத்து வைத்தேன். கிழிந்திருந்த தலையணை உறைகளைத் தைத்தேன். அம்மா அன்றைக்கு எதிர்வீட்டு அத்தையிடம் போய், எம்பொண்ணுக்கு இப்பதான் பொறுப்பு வந்திருக்குது என்று சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். அன்று எனக்கும் அப்படித்தான் மனசு லேசாக இருந்தது. அண்ணன் முகத்தில் காலையில் பார்த்தேனே, அதே லேசு.

அவன் படுக்கையில் இருக்கிறானா என்று பார்த்துப் பார்த்து அந்த இரவை ஓட்டினேன். மறுநாள் மத்தியானம் வண்டி ஓட்டப் போலாம் என்று நானே அவனைக் கூப்பிட்டேன். தொழிற்பேட்டை ரோட்டில் பாதி வழியில் ஒரு சின்னப் பாலம் உண்டு. அங்கே வண்டியை நிறுத்தினேன். அதுவரை நான் ஒரு தடவைகூட வண்டியைச் சொன்ன இடத்தில் நிறுத்தியதில்லை.

"அண்ணா, செத்துப்போலாம்னு நெனைக்கிறியா?"

"லூசு" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவனும் கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டான். வண்டியிலிருந்து இறங்கிப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தான்.

"எப்படிக் கண்டுபுடிச்ச?"

பிறகு சொன்னான். அவனுக்குப் பேச வரவில்லை. ஒரு வாக்கியம் சொல்வான், ரோட்டைப் பார்ப்பான், அடுத்ததைச் சொல்வான். போன தீபாவளியிலிருந்தே அப்படியாம். குஜராத்தில் அறையில் கூட இருந்தவர்கள் ஷிப்டுக்குப் போன பிறகு இவன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறான். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்குது என்றான். என் விஷயம் தெரிந்து ரயிலில் வரும்போது அழுகை வரவில்லையாம்.

"இவ முந்திக்கிட்டாளேன்னுதான் நெனைச்சேன்" என்றான். "இப்ப நானும் போனா அம்மா தாங்காது. நீ சரியாவட்டும்னு பாத்துகிட்டு இருந்தேன். இப்ப நீ வண்டியெல்லாம் ஓட்டுற."

ஐயோ, அந்த வார்த்தையை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. நான் தின்ற ஒவ்வொரு கவளமும், சிரித்த ஒவ்வொரு சிரிப்பும், தனியாகப் போய் வாங்கி வந்த அந்த இரண்டு தேங்காயும் அவனுக்கு விடை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது, ஓங்கி ஒரு அறை விட வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. வா வூட்டுக்குப் போலாம், அம்மாகிட்ட சொல்லலாம் என்றேன்.

அதற்குத்தான் அவனுக்கு உயிரே போவது மாதிரி பயம் வந்தது. ஒரு ஆம்பளை, டிப்ளமோ படித்தவன், தங்கச்சியைப் பார்த்துக்க வந்தவன் இப்படி என்று தெருவுக்குத் தெரிந்தால் எந்த முகத்தோடு நடப்பது என்றான். "நீ பொம்பள, உன்ன மடியில போட்டுப்பாங்க. என்னப் பாத்து சிரிப்பாங்க" என்றான். அம்மா தலைமேல சத்தியம் பண்ணு, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு. பண்ணினால்தான் வண்டியில் ஏறுவேன் என்று கட்டையைப் பிடித்துக்கொண்டான். ஆளில்லாத ரோடு. அவனை எப்படியாவது வீடு கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். பண்ணினேன்.

எங்கள் வீட்டில் தலைமேல் சத்தியம் என்பது விளையாட்டு இல்லை. மீறினால் யார் தலைமேல் பண்ணினோமோ அவர் தலை வெடித்துவிடும் என்று சொல்லியே எங்களை வளர்த்தாள் அம்மா. ஊறுகாய் திருடியதையெல்லாம் அப்படித்தான் ஒப்புக்கொள்ள வைப்பாள். சிரிக்காதீர்கள். இருபத்திரண்டு வயதிலும் எனக்கு அது வெறும் பேச்சு இல்லை, என் அம்மாவின் தலை. அண்ணனைக் கூட்டத்தில் தொலைத்துவிடாமல் பிடித்துவருகிறவள் மாதிரி வீட்டுக்கு ஓட்டிவந்தேன். அவன் உள்ளறையில் படுத்துக்கொண்டான். நான் கதவுக்கு நேராக உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். ஒரு கண் அவன்மேல், ஒரு கண் அடுப்படியில் இருந்த அம்மாவின் தலைமேல். நரைத்த வகிடு, அதில் கொஞ்சம் குங்குமம். ஒரு கிலோ வெங்காயமும் உரித்துத் தீர்ந்தும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்னடி, என் தலையில பேன் ஓடுதா?" என்று கேட்டாள் அம்மா.

நான்கு மணி இருக்கும். அண்ணன் எழுந்தான். முகம் கழுவினான். சட்டையை மாற்றினான். கொஞ்சம் நடந்துட்டு வரேம்மா என்று செருப்பைத் தேடினான். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் சரி என்றாள். அவன் என்னைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டிரு என்கிற பார்வை. ஒரு கால் செருப்பில் இருந்தது.

"அம்மா, உந்தலமேல ஒரு சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றேன். "அத இப்ப மீறப்போறேன். ஒனக்கு என்னா ஆனாலும் ஆவட்டும்."

அண்ணன் "பாப்பா" என்று கத்தினான்.

அம்மா கரண்டியோடு திரும்பினாள். என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவ்வளவு நாள் பார்த்தும் தெரியாதது அந்த ஒரு நொடியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

"வெடிச்சா வெடிக்கட்டும் எந்தல. சொல்லுடி."

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். தீபாவளியையும் சொன்னேன், ரயிலையும் சொன்னேன், பிளாஸ்டிக் பையையும் சொன்னேன். அம்மா அழவில்லை. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு நேராக வாசலுக்குப் போய்ப் படியில் காலை நீட்டிக் குறுக்காக உட்கார்ந்துகொண்டாள். "போறதா இருந்தா என்னத் தாண்டிகிட்டுப் போ" என்றாள். பெற்றவளைத் தாண்டிக்கொண்டு எங்கள் ஊரில் எவனும் போகமாட்டான். அண்ணன் ஒற்றைச் செருப்போடு நின்றான், நின்றான், பிறகு அப்படியே அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் அழுததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். அழவும் பழக்கமில்லாதவன், இருமுகிற மாதிரி அழுதான்.

மறுநாளே பாண்டிச்சேரிக்குப் போனோம். டாக்டரம்மா அண்ணனோடு தனியாக நெடுநேரம் பேசிவிட்டு, அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டார்கள். இங்கே பெண்கள் அழுதுகொண்டாவது, ஏதாவது பண்ணிக்கொண்டாவது நிறைய பேர் வந்து சேர்ந்துவிடுகிறார்கள், ஆண்கள் வருவது கம்மி என்றார்கள். "அவங்களுக்கு வலி கம்மின்னு அர்த்தம் இல்லைங்க. சொல்லாமலே இருந்து, பல பேர் எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே போயிடறாங்க" என்றார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பஸ்ஸில் திரும்பும்போது வடலூர் வரைக்கும் டிக்கெட்டையே மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, வாய் தொறக்காத புள்ளன்னு நாமதான பெருமைப்பட்டுகிட்டு இருந்தோம் என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

தெருவுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். பெண்கள் கூடிவிட்டார்கள், ஆனால் என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வயது ஆம்பளைக்கு எண்ணெய் தேய்த்துவிட முடியுமா, குளிக்கும் கதவுக்கு வெளியே நின்று கதை பேச முடியுமா? கடைசியில் எதிர்வீட்டு அத்தை தன் புருஷனை அனுப்பினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் ஆட்களைத் தள்ளிவிட்டார்கள். அடேயப்பா, அந்த ஆண்கள் பட்ட பாடு! சும்மா வந்தேன் என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வராது. ஒருவர் ஸ்பேனர் கேட்டு வந்தார். ஒருவர் குளியலறைக்கு எந்த டைல்ஸ் போடலாம் என்று மூன்று தடவை யோசனை கேட்டார். அவர் வீட்டில் குளியலறையே கிடையாது, நான்கு தட்டி மறைப்புதான். அப்பா அவனைப் பகலில் சூளைக்குக் கூட்டிப்போவார். சாயங்காலம் அம்மா, அவங்கிட்ட என்னா பேசுனீங்க என்று கேட்பாள். ஒண்ணும் பேசல, இருந்தோம் என்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் அண்ணன் மறுநாளும் அவரோடு போனான்.

மங்கலம்பேட்டையிலிருந்து அவனோடு டிப்ளமோ படித்த நண்பன் ஒருவன் பைக்கில் வருவான். துபாயில் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்தவன். அவன்தான் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினான். அங்கே தனக்கும் ஒரு மாதம் அறையை விட்டு எழுந்திருக்க முடியாமல் போனதையும், வீட்டுக்குப் போன் பண்ணும்போதெல்லாம் நல்லா இருக்கேன் என்று சொன்னதையும் அவன் சொல்லியிருக்கிறான். வெளியே வந்தபோது இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. தூசிங்க என்றான் நண்பன், அம்மாவைப் பார்த்து. அன்றைக்கு வீட்டைப் பெருக்கியது நான், எனக்குத் தெரியாதா தூசி?

எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசியவன் என்னிடம் மட்டும் பேசவில்லை. அவன் கண்ணில் நான் துரோகி. தண்ணி வேணுமா என்றால் பதில் வராது. நான் உட்கார்ந்தால் எழுந்துபோவான். ஒரு மாதம், இரண்டு மாதம். எனக்கு நெஞ்சு அறுந்தது. கோபமும் வந்தது, ஏண்டா, உன்ன உயிரோட வச்சது தப்பா என்று கத்தினேன் ஒரு நாள். சரி, பேசாத அண்ணன் இருந்துவிட்டுப் போகட்டும், இருந்தால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அவனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், வாரத்துக்கு ஒரு நாளாவது என்னோடு சண்டை போடுகிறான். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, எழுது, பேரு மட்டும் போடாத என்றான்.

அவன் என்னோடு மறுபடி பேசிய நாளைத்தான் நான் சொல்லவேண்டும். கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டிருந்தது. மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்து, அவன் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சமயம். இனி பயமில்லை என்று நாங்கள் கொஞ்சம் அசந்திருந்தோம். நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ நிற்பது மாதிரி இருந்தது. திரும்பினால் அவன். முகம் வெளுத்திருந்தது.

"பாப்பா" என்றான். எத்தனையோ நாளைக்குப் பிறகு. "இன்னிக்கு மறுபடியும் அப்படி இருக்குது. அம்மாகிட்ட சொல்லு."

கையிலிருந்த துணி கீழே விழுந்தது. அம்மா உள்ளதான இருக்குது, நீயே சொல்லேண்ணா என்றேன். அவன் சொல்லப் பார்த்தான். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. தலையை ஆட்டினான்.

"எனக்கு வரல. நீ சொல்லு."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், நான் சொன்னேன்.